டில்டிங் கிரைண்டரும் ரெண்டு கையும்: ஒரு பட்டறைப் பதிவு

வணிகக் கிரைண்டரில் மாவு ஆட்டுவது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை, ஆட்டிய மாவை வெளியே எடுப்பதுதான் பாடு. மோட்டார், பெல்ட், கல்லைக் கொத்துவது பற்றியெல்லாம் கோவையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மணிக்கணக்கில் பேச ஆள் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் டிரம்மைச் சாய்த்து, கீழே போசியை (பாத்திரத்தை) வைத்து, உளுந்து மாவை வழித்து எடுக்கிற அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றிப் பட்டறைகளில் பேச்சே வருவதில்லை. கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனோடு சேர்ந்து அதைத்தான் கையில் எடுத்தேன். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், மெஸ்ஸுக்கும் மாவு பாக்கெட் போடுகிறவர்களுக்கும் போகிற ரகம். அவர் லேத், வெல்டிங் ஆள். நான் டிசைன் படித்தவன்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொருளை வடிவமைக்க, பயன்படுத்துகிறவரைக் கவனித்துத் தொடங்கும் டிசைன் திங்கிங் என்று ஒரு கூட்டம், முரண்பாட்டை உடைத்துத் தீர்வு தேடும் ட்ரிஸ் என்று ஒரு கூட்டம், வாடிக்கையாளர் தேவையை எண்ணாக மாற்றும் க்யூஎஃப்டி, சோதனை ஓட்டங்களைத் திட்டமிடும் தகுச்சி முறை என்று தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் முறை ஒன்றே போதும் என்கிற மாதிரிதான் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகைக் கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்கிறது, ஒரு முறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றுகிற இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் தொலைந்து போகிறது. அதற்காக ஒரு நோட்டுப் போட்டோம். இடது பக்கம் ஆட்கள் சொன்னதும் செய்ததும் அப்படியே, வலது பக்கம் அதற்கு நேராக அளக்கக்கூடிய ஓர் எண். எண் எழுத முடியாத வரி அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது, எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்ட முடியாத எண்ணும் போகக்கூடாது. கூட்டு முறை என்று நாங்கள் வைத்துக்கொண்டது இந்த ஒரு விதிதான்.

முதலில் விசாரித்தோம். யாரைக் கேட்டாலும் "வெயிட்டா இருக்குங்க" என்றுதான் சொன்னார்கள். அண்ணன் உடனே கேஸ் ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்றார், கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே அது. பட்டறைப் புத்தி அப்படித்தான், பிரச்சினை காதில் விழுந்ததும் கை பாகத்தைத் தேடும். சரி, வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெஸ்ஸில் விடியற்காலையில் போய் நின்றோம், அனுமதி கேட்டுவிட்டு போனில் வீடியோ எடுத்தோம்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் படம் வேறு. அங்கே மாவு ஆட்டும் அக்கா டிரம்மைச் சாய்ப்பதற்குப் பெரிதாகச் சிரமப்படவே இல்லை. இடது கையால் கைப்பிடியை இழுத்தார், டிரம் வந்தது. சிரமம் அதற்கப்புறம். அந்த மாடலில் பூட்டு இரண்டே இடத்தில்தான் விழும், நேராக ஒன்று, முழுசாகக் கவிழ்த்தால் ஒன்று. முழுசாகக் கவிழ்த்தால் மாவு மொத்தமாகப் போசியில் விழுந்து வெளியே தெறிக்கும். அதனால் பாதியில் நிறுத்தி, டிரம்மின் விளிம்பை இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, உடம்பைத் திருகி நின்று வலது கையால் வழிக்கிறார். ஏன் இடுப்பு என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வந்தது:

"கை ரெண்டுதான கண்ணு இருக்கு? போசியப் புடிக்கறதா, டிரம்மப் புடிக்கறதா, மாவ வழிக்கறதா?"

நோட்டின் இடது பக்கத்தில் இதை அடிக்கோடு போட்டு எழுதினோம். "வெயிட்டா இருக்கு" என்ற வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் "பாதியில் நிற்க மாட்டேன் என்கிறது" என்று எழுதினோம். விசாரிப்பது மட்டும் போதாது, நின்று பார்க்க வேண்டும் என்று டிசைன்காரர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நான் முழு உடன்பாடு. அதற்கப்புறம் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணக் காகிதம் ஒட்டுவதில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

வலது பக்கத்துக்கு எண் வேண்டும். பெட்டி எடை போடுகிற தொங்கு தராசு ஒன்றை வாங்கி, கைப்பிடியில் கொக்கியை மாட்டி, வெவ்வேறு கோணத்தில் இழுத்துப் பார்த்தோம். மாவு நிறைய இருக்கும்போது டிரம் பின்னால் இழுப்பது குறைவு, மாவு காலியாகக் காலியாக இழுப்பு கூடுகிறது. கணக்குப் போட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. டிரம்மும் அடிக்கல்லும் சேர்ந்து 25 கிலோ என்று வையுங்கள், அதன் ஈர்ப்பு மையம் சுழலும் அச்சுக்கு 4 செ.மீ. கீழே. முழுசாகக் கவிழ்ந்த (90 டிகிரி) நிலையில் திரும்ப இழுக்கிற முறுக்கம், அதாவது எடை × தூரம், 25 × 4 = 100 கிலோ-செ.மீ. கைப்பிடி அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால் கையில் விழுவது 2.5 கிலோ. மாவு விளிம்புப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கும்வரை அது இந்த இழுப்பை எதிர்த்துச் சமன் செய்யும், மாவை எடுக்க எடுக்க அந்த உதவி போய்விடும். ஆக, கடைசிக் கைப்பிடி மாவுதான் கஷ்டமான மாவு. கேஸ் ஸ்பிரிங் யோசனை இங்கேயே செத்தது. அது ஏறக்குறைய ஒரே மாதிரி விசையைத் தரும், இங்கே சுமை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

அடுத்து கேனோ. ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கேனோ 1984இல் வெளியிட்ட முறை இது: ஒவ்வோர் அம்சத்துக்கும் இரண்டு கேள்வி, இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும். இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால் அது கட்டாயமா, கூடக்கூட மகிழ்ச்சி தருவதா, எதிர்பாராத சந்தோஷமா, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றா என்று பிரிந்துவிடும். எங்கள் பட்டியலில் சிலிக்கான் வழிப்பான் ஒன்றும் இருந்தது, டிரம்மோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று. மெஸ்காரர்கள், வீட்டிலிருந்து மாவு விற்கும் பெண்கள் எல்லோருக்கும் அது "இருந்தா இருக்கட்டும்" கட்டத்தில் விழுந்தது. கை பட்டால்தான் மாவு பொங்கும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். புளிக்க வைக்கிற பாக்டீரியா பெரும்பாலும் உளுந்திலிருந்தும் அரிசியிலிருந்துமே வருகிறது என்று சொல்லலாம்தான், ஆனால் காலையில் நாலு மணிக்கு அதைச் சொல்லி யாரை மாற்றப்போகிறோம்? மாற்றவும் தேவையில்லை. கை டிரம்முக்குள் போகும் என்று எடுத்துக்கொண்டே டிசைன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கையுறை கட்டாயம் என்று வைத்திருக்கும் பெரிய சமையலறைகளில் மட்டும் வழிப்பான் கேட்டார்கள், அது பின்னால் வருகிறது.

இப்போது க்யூஎஃப்டி. யோஜி அகாவோ 1960களில் தொடங்கிவைத்து, 1972இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் அட்டவணையாக உருவெடுத்த முறை. கப்பல் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பிரம்மாண்ட அட்டவணை சரி, கிரைண்டருக்கு முழுசாகப் போட்டால் பொங்கல் வந்துவிடும். நாங்கள் நோட்டின் இரண்டு பக்கத்தையும் குறுக்கும் நெடுக்கும் வைத்துச் சின்னதாகப் போட்டோம்: "பாதியில் நிற்கணும்" என்பதற்கு நேராக எத்தனை டிகிரிக்கு ஒருமுறை நிற்கும், "கழுவறதுக்கு சுலபமா இருக்கணும்" என்பதற்கு நேராக மாவு தங்குகிற இடுக்குகள் எத்தனை, "தானா விழக்கூடாது" என்பதற்கு நேராக எல்லாக் கோணத்திலும் மிஞ்சி நிற்க வேண்டிய பின்னிழுப்பு முறுக்கம், இப்படி. இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தது அதன் கூரைதான். எண்கள் ஒன்றையொன்று எங்கே அடிக்கின்றன என்று குறிக்கிற முக்கோணம். பலர் அதை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் ட்ரிஸ் ஆரம்பிக்க வேண்டிய இடமே அங்கேதான் இருக்கிறது, கூரையில் விழுகிற ஒவ்வொரு மைனஸும் ஒரு முரண்பாடு.

எங்கள் கூரையில் பெரிய மைனஸ் இரண்டு. முதலாவது அச்சு உயரம். 4 செ.மீ. கணக்கில் 45 டிகிரி சாய்வில் பின்னிழுப்பு சுமார் 70 கிலோ-செ.மீ.தான். 10 கிலோ உளுந்து மாவு கட்டியாக 10 செ.மீ. முன்னால் சரிந்தால் எதிர்ப்பக்கம் 100. மாவின் மையம் அச்சு மட்டத்திலேயே இருப்பதாக வைத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது, ஆனாலும் டிரம் தானாகக் கவிழ்ந்துவிடும் என்பது தெரிகிறது. அரிசி மாவு சீராக ஓடிவிடும், உளுந்து மாவுதான் காற்றைப் பிடித்துக்கொண்டு மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று மொத்தமாகச் சரியும். அச்சை 2 செ.மீ. மேலே ஏற்றினால் 45 டிகிரியில் 106, தாங்கும். அதற்கு விலை, முழுசாகக் கவிழ்க்கும்போது கையில் 3.75 கிலோ. பத்திரமாக இருக்க வேண்டுமானால் கனமாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டுமானால் ஆபத்தாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மைனஸ் இன்னும் அப்பட்டம்: டிரம் தடையில்லாமல் நகர வேண்டும், அதே டிரம் நகராமல் நிற்க வேண்டும்.

ஹென்ரிக் அல்ட்ஷுலர் சோவியத் கடற்படையில் காப்புரிமை விண்ணப்பங்களைப் பார்க்கிற வேலையில் இருந்தவர், 1946 வாக்கில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி ட்ரிஸ்ஸை உருவாக்கினார். நல்ல கண்டுபிடிப்புகள் சமரசம் செய்துகொள்வதில்லை, முரண்பாட்டையே உடைக்கின்றன என்பது அவர் பார்த்த விஷயம். 39 அளவுகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து 40 கோட்பாடுகளில் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் அட்டவணை அவருடையது. எனக்கு அந்த அட்டவணை அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை, "எடை", "வலிமை" என்று பொதுவான சொற்களுக்குள் நம் பிரச்சினையைத் திணிப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். நேராகப் பிரிப்புக் கேள்விகளுக்குப் போய்விடுவேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமா? ஒரே இடத்தில் வேண்டுமா? ஒரே திசையில் வேண்டுமா? அப்புறம் ட்ரிஸ்காரர்கள் எப்போதும் கேட்கிற இன்னொரு கேள்வி, சும்மா கிடக்கிற வளம் என்ன இருக்கிறது?

ரெண்டு கையும் வேலையாக இருக்கிறது. கால் சும்மா இருக்கிறது.

இது வந்தவுடன் அண்ணன் வாசலைக் காட்டினார். எதிரில் வீடு கட்டுகிறார்கள், கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கவாட்டில் பெரிய கைச்சக்கரம், ஒரு வெட்டுத் தட்டு, கீழே ஒரு பெடல். பெடலை மிதித்தால் பூட்டு விலகும், சக்கரத்தைச் சுற்றி டிரம்மைச் சாய்க்கலாம், காலை எடுத்தால் அடுத்த வெட்டில் பூட்டு விழும். நம் பிரச்சினையை வேறு தொழிலில் யாரோ ஏற்கெனவே தீர்த்து வைத்திருப்பார்கள் என்பதும் அல்ட்ஷுலர் சொன்னதுதான், தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை. பெரிய ஹோட்டல் சமையலறைகளில் இருக்கிற சாய்க்கும் வாணலியையும் போய்ப் பார்த்தோம், அதில் வார்ம் கியர். பல்லின் சாய்வு குறைவாக வைத்தால் கைச்சக்கரம் வார்மைத் திருப்பும், சுமையால் வார்மைத் திருப்ப முடியாது, எந்தக் கோணத்திலும் நிற்கும்.

ஆக மேசையில் நாலு வழி: கேஸ் ஸ்பிரிங் (அண்ணனின் திருப்திக்காக), வார்ம் கியர், உராய்வு பிரேக், பெடலும் வெட்டுத் தட்டும். இவற்றைப் பியூ அட்டவணையில் போட்டோம். ஸ்டுவர்ட் பியூவின் முறையில் இருக்கிற மெஷினையே அளவுகோலாக வைத்து ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் அம்சத்தில் அதைவிட மேலா, கீழா, சமமா என்று பிளஸ், மைனஸ், எஸ் போடுவது. எல்லோரும் கடைசியில் கூட்டிப் பார்த்து அதிக பிளஸ் வாங்கியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. மைனஸ் விழுந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதை இன்னொரு வழியிலிருந்து கடன் வாங்கித் திருத்த முடியுமா என்று கேட்பதுதான் அந்த அட்டவணையின் உயிர், பியூ சொன்னதும் அதைத்தான். வார்ம் கியருக்கு நிற்பதில் பிளஸ், ஆனால் மெதுவாகத்தான் சாயும், கிரீஸ் மாவுக்குப் பக்கத்தில், விலை. உராய்வு பிரேக்கில் தண்ணீரும் மாவும் பட்டால் பிடி மாறும். பெடலுக்கு முதலில் மைனஸே தெரியவில்லை.

பிளைவுட்டில் வெட்டுத் தட்டு அறுத்து, பழைய பெடல் ஒன்றை மாட்டி, டிரம்மில் ஈர மணலைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். பட்டறையில் அருமையாக வேலை செய்தது. அதே மெஸ்ஸுக்குக் கொண்டுபோனோம். அக்கா பெடலை மிதித்தார், ஒற்றைக் காலில் நின்றார், தரை முழுக்க உளுந்து கழுவிய தண்ணீர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் கொஞ்சம் வழுக்கியது, நல்லவேளை பிடித்துக்கொண்டார். "இதுக்கு இடுப்பே தேவலை கண்ணு" என்றார். பட்டறைத் தரை காய்ந்த தரை, சமையலறைத் தரை எப்போதும் ஈரம். பியூ அட்டவணையில் பெடலுக்கு நேராக ஒரு மைனஸ் ஏறியது.

அந்த மைனஸுக்குப் பதில் வார்ம் கியர் வரிசையில் கிடந்தது. அதன் நல்ல குணம் என்ன? சுமை பின்னால் தள்ள முடியாது. அதாவது நகர்வதும் நிற்பதும் திசையால் பிரிகிறது: முன்னால் போகும்போது தடை வேண்டாம், பின்னால் வரும்போது மட்டும் தடை வேண்டும். அப்படியென்றால் வெட்டுகளை ராட்செட் பல்லாக மாற்றினால் போதும். கைப்பிடியை இழுத்தால் டக் டக்கென்று முன்னால் போகும், விட்டால் அங்கேயே நிற்கும். பெடல் தேவைப்படுவது காலி டிரம்மைத் திருப்பி அனுப்பும்போது மட்டும்தான். அப்போது மாவும் இல்லை, அவசரமும் இல்லை, ரெண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். அச்சு உயர முரண்பாட்டிலும் பாதி இதிலேயே தீர்ந்தது. 3.75 கிலோ என்பது பாதியில் பிடித்துக்கொண்டே நிற்கும்போதுதான் தண்டனை, படிப்படியாக இழுத்து விட்டுவிட முடிந்தால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அச்சை 2 செ.மீ. ஏற்றினோம்.

பல் அளவில் இன்னொரு இழுபறி. 10 டிகிரிக்கு ஒரு பல் என்றால் கையை விடும்போது டிரம் ஒரு பல் தூரம் வரை பின்னால் வந்து டொக்கென்று உட்காரும், மாவு தெறிக்கும். 5 டிகிரி வைத்தால், 12 செ.மீ. ஆரத் தட்டில் பல்லுக்குப் பல் சுமார் 1 செ.மீ.தான், காய்ந்த மாவு உள்ளே போய் இறுகிவிடும், காய்ந்த உளுந்து மாவைச் சுரண்டியவர்களுக்குத்தான் அது தெரியும். பிரித்துப்போடு என்பது 40 கோட்பாடுகளில் முதலாவது. பல் 10 டிகிரியிலேயே இருக்கட்டும், தடுக்கிற நாக்கை இரண்டாக்கி அரைப் பல் தள்ளி வைத்தோம். ஒன்று பல்லில் உட்கார்ந்திருக்கும்போது மற்றது பல் முதுகில் பாதியில் இருக்கும். நிற்பது 5 டிகிரிக்கு ஒருமுறை, பல் பெரிய பல். தட்டு 6 மி.மீ. எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு), லேசர் கட்டிங். நாக்கில் விழும் சுமை 150 ÷ 12, சுமார் 12.5 கிலோதான், அதற்கு இந்தத் தடிமன் தாராளம்.

எது எப்படிப் பழுதாகும், அதனால் என்ன ஆகும் என்று பட்டியலிடும் எஃப்எம்இஏ அட்டவணை போட உட்கார்ந்தபோது பெரிய ஆபத்து ஒன்று மேலே வந்தது. மாவை வழித்துக்கொண்டிருக்கும்போது யாராவது தெரியாமல் பெடலை மிதித்துவிட்டால்? டிரம் பின்னால் பாயும், கை விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டும். இந்த அட்டவணையில் தீவிரம், நடக்கும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை போட்டுப் பெருக்குவார்கள். எனக்கு அந்தப் பெருக்கல்மேல் பெரிய மரியாதை கிடையாது. தீவிரம் 9 என்று விழுந்தால் பெருக்கி வருவது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெடலுக்கு மேல் தகட்டு மூடி போடுவது எல்லோருக்கும் தோன்றும், போட்டோம். அதைவிடப் பயனுள்ளது பல்லின் முகத்தைக் கொஞ்சம் உள்சாய்வாக வெட்டியது. டிரம் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சாய்வே நாக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், பெடலை மட்டும் மிதித்தால் விலகாது. கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துச் சுமையை எடுத்துவிட்டு மிதித்தால்தான் விலகும். கைப்பிடியில் கை இருந்தால்தான் டிரம் திரும்பும் என்று ஆகிவிட்டது. பெடலிலிருந்து நாக்குக்குப் போவது டூவீலர் கிளட்ச் கேபிள், அது அறுந்தால் நாக்கு ஸ்பிரிங்கால் பூட்டியே நிற்கும். டிரம்மைத் திருப்ப முடியாமல் எரிச்சல் வரும், அடிபடாது.

வழிப்பான் விஷயம். கையுறை போடுகிற சமையலறைகளுக்காக அதைத் தனியாகச் செய்து பார்த்தோம், இதில்தான் ஜப்பானியப் பொறியாளர் ஜெனிச்சி தகுச்சியின் முறை உதவியது. மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு: சிலிக்கான் தடிமன் 2 மி.மீ. அல்லது 4, கடினம் ஷோர் ஏ அளவில் 40 அல்லது 60, விளிம்பு நேர்வெட்டு அல்லது 45 டிகிரிச் சாய்வு. எல்லாச் சேர்க்கையும் என்றால் எட்டு ஓட்டம், தகுச்சியின் எல்4 அட்டவணையில் நாலே ஓட்டம். மூன்று காரணிகளும் ஒன்றோடொன்று கலந்து விளைவைக் குழப்பாது என்று நம்பினால்தான் இந்தச் சுருக்கம் செல்லும், அதை மறக்கக்கூடாது. ஒவ்வோர் ஓட்டத்தையும் உளுந்து மாவு, அரிசி மாவு இரண்டிலும் செய்து, டிரம்மில் மிச்சம் ஒட்டியிருப்பதை எடை போட்டோம். நம் கட்டுப்பாட்டில் இல்லாத மாறுதலையும் சோதனைக்குள்ளேயே கொண்டுவா என்பதுதான் தகுச்சியிடம் எனக்குப் பிடித்த பாடம். அவர் 1950களில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து தங்கியவர், அவர் பயன்படுத்திய, எல்4 போன்ற செங்குத்து அணிகளின் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர் அங்கிருந்த நம் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ். மெல்லிசான, மென்மையான விளிம்பு எஸ்.எஸ். சுவரை இரண்டு மாவிலும் நன்றாகத் துடைத்தது. ஆனால் அடிக்கல்லின் கொத்தில் அது நார் நாராகக் கிழிந்தது. கடினமானது கல்லில் தாங்கியது, சுவர் வளைவில் மாவை விட்டுவிட்டது. இரண்டு விளிம்பு வைத்து ஒரே வழிப்பானாகச் செய்து கேட்கிறவர்களுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கிறோம். மெஷின் விலையில் அதைச் சேர்க்கவில்லை.

மெஸ்ஸில் இப்போது ஓடுவது இந்த வடிவம்தான். இடுப்பு முட்டு நின்றுவிட்டது, வீடியோவில் உடம்பு நேராக இருக்கிறது. போசிக்குக் கீழே அக்கா தானாகவே ஒரு முக்காலி வைத்துக்கொண்டிருக்கிறார். டிரம் படிப்படியாக நிற்பதால் போசியின் உயரத்தைச் சரியாக வைக்க முடிகிறது என்பது எங்களுக்குத் தோன்றாத விஷயம், அதை நோட்டின் இடது பக்கத்தில் எழுதியாகிவிட்டது, வலது பக்கம் இன்னும் காலி. பாக்கி வேலைகள்: டக் டக் சத்தம் விடியற்காலையில் மாடியில் தூங்குகிறவர்களை எழுப்புகிறது என்று ஒரு புகார், நாக்கின் நுனியில் நைலான் போடலாமா என்று பார்க்கிறோம், தேயுமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாக்கு ஸ்பிரிங்கை எஸ்.எஸ். ஸ்பிரிங்காக மாற்ற வேண்டும், சாதா ஸ்பிரிங்கில் துரு தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் இடதுகைப் பழக்கம் உள்ள ஒருவர் கைப்பிடியை எதிர்ப்பக்கம் மாட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தட்டைத் திருப்பிப் போட்டால் பல் திசை மாறிவிடும், அதனால் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, தட்டைத் திருப்பாமல் அப்படியே எதிர்ப்பக்கம் நகர்த்தி மாட்டப்போகிறோம்.